இதுதான் ஃபைனல்

ஜுபைலில் ஆகஸ்ட்.
இந்தக் கட்டடத்தில் ஏசி ஒருபோதும் நிற்காத அறை ஒன்றே ஒன்று,
அதில் மனிதர் உட்கார அனுமதியில்லை.
ஸ்டோரில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி
கேபிள் தட்டுக்கும் தீயணைப்பு உருளைக்கும் நடுவே
அங்கே குடியேற்றினேன்.

அதுவரை எங்கள் நிரல் பென் டிரைவில் அலைந்தது.
ஒருமுறை தன்வீரின் சட்டைப் பையோடு
சலவைக்கும் போய் வந்தது.
பம்ப்_ஃபைனல்
பம்ப்_ஃபைனல்_2
பம்ப்_ஃபைனல்_யாரும்_தொடாதீர்
இதுதான்_ஃபைனல்
இந்த ஊரில்
ஃபைனல் என்று சொன்னபடியே முடிந்தது
எக்ஸிட் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம்.
லினக்ஸ் ஏறியது. கிட் ஏறியது.
எல்லாரும் பிரவுசரில் பார்க்க
மூவாயிரமாம் போர்ட்டில் ஒரு கதவு வைத்தேன்.
பாஸ்வேர்டு எல்லாம் வெட்டவெளியில் போகிறதே,
சான்றிதழ் வேண்டும்.
பிளாண்டின் வலைக்கோ வெளியுலகம் கிடையாது,
யாரிடம் போய்க் கேட்க?
நானே எழுதி
நானே ஒப்பமிட்டேன்.

இக்காமா புதுப்பிக்க, வேலை மாற,
ஒரு காலத்தில் ஊருக்குப் போய்வரவும்
கபீலின் கையெழுத்துக்குக் காத்து நின்றவன்.
பதினோரு வருஷத்தில் முதல் தடவை
எனக்கு நானே ஜாமீன்.

பிரவுசர் நம்பவில்லை.
சிவப்பு முக்கோணம் காட்டி
இந்த ஆளைத் தெரியுமா என்பதுபோல் நின்றது.
தெரியும் என்று அழுத்தினேன்.

பிறகு கிளாட்வினின் லேப்டாப்.
மார்ச்சில் அவன் போனபோது
ஹெல்மெட்டோடும் ஷூவோடும் திருப்பிக் கொடுத்தது.
பட்டியலில் மூன்றாவது உருப்படி.
உள்ளே, புள்ளியில் தொடங்கும் பெயரோடு
கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டர்.
யாரும் சொல்லாமலே
நான்கு வருஷமாகத் தனியாகக்
கணக்கு வைத்திருக்கிறான்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கமிட்.

புஷ் கொடுத்தேன். பக்கம் விரிந்தது.
வரிக்கு வரி இடது ஓரத்தில் அவன் பெயர்.
ராத்திரி 2.40: மூன்றாம் பம்பு தும்மல் நின்றது.
ராத்திரி 3.05: இல்லை, நிற்கவில்லை.
நோன்பு கால ஷிஃப்டுக்கு நேரம் மாற்றியது.
அப்புறம் ஒரு டிசம்பரில்,
இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்:
சம்பளம் வரல. வால்வு சரி.
ஜனவரியிலும் அதே வரி.
பிப்ரவரியில் வால்வு மட்டும்.

ஞாயிறு காலை எச்.ஆரிலிருந்து ஃபோன்:
போனவர்களின் அக்கவுண்டை நீக்கிவிடு.
அவனுக்கு அக்கவுண்ட் எதுவும் இல்லை சார்,
பெயர் மட்டும்தான் என்றேன்.
புரியவில்லை அவருக்கு. சரி என்று வைத்துவிட்டார்.

தன்வீர் சொன்னான், அந்த வரியை அழித்துவிடு,
அபு துர்க்கி கண்ணில் பட்டால் வம்பு.
அழிக்கலாம். கட்டளை இருக்கிறது.
ஆனால் அந்த ஒன்றைத் தொட்டால்
அதற்குப் பின் வந்த அத்தனை கமிட்டின்
கைரேகையும் மாறும்.
நான் அழிக்காததற்கு அதுதான் காரணம் என்று
தன்வீரிடம் சொன்னேன்.

ரொலாண்டோ திரையில் விரல் வைத்துக் கேட்டான்:
சம்பளம் என்றால்?
அபு துர்க்கி பின்னால் கஹ்வா ஊற்றிக்கொண்டிருந்தார்.
அது ஒரு மாதிரி வால்வு என்றேன்.
எந்த லைனில்?
எல்லா லைனிலும்.
தலையாட்டினான், நோட்டில் குறித்துக்கொண்டான்.

செப்டம்பர் போனது. அக்டோபரில் இருபது நாள்
பேங்கிலிருந்து மெசேஜ் வரவில்லை யாருக்கும்.
மெஸ்ஸில் கோழி நின்று பருப்பானது.
இரவு ஷிஃப்டில் பக்கத்தைத் திறந்தேன்,
வழக்கம்போல் முக்கோணத்தைத் தாண்டி.

மேலே புதிதாக ஒரு கமிட்,
மணிலாக்காரனின் பெயரில், 2.40க்கு:
சம்பளம் இன்னும் அடைத்திருக்கிறது.
பம்பு சரி.

அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை.
மெர்ஜ் செய்தேன்.