ஓட்டும் ஒட்டும்

துலூத்தில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
ஏரி முனகிக்கொண்டிருந்தது,
பனிக்கட்டி தன்மேல் தானே ஏறிப் படுக்கிற சத்தம்.

லூத்தரன் தேவாலயத்தின் நிலவறை.
கேட்டு வாங்கினால் செவ்வாய் இரவு எங்களுக்கு,
அதுவும் பின்னல் வகுப்பு முடிந்த பிறகு.
அங்கேதான் ஒரு சொல்லைக்
கையெண்ணி நீக்கினோம்.

எல்லா மக்களிலும் எங்களைத் தேர்ந்துகொண்டவரே
என்பது பழையது.
தம் பணியருகே எங்களை இழுத்துக்கொண்டவரே
என்பது புதியது.
இருபத்தாறுக்குப் பதினைந்து.
எண்ணியவள் நான்,
என் கையையும் சேர்த்து.

பதினைந்தில் ஒருவர் அவ்ரம் டெஸ்லர்.
"தேர்ந்ததில் எங்கள் வீட்டுக்கு என்ன கிடைத்தது என்று
எனக்குத் தெரியும்.
ஆனாலும் சண்டைபோட
அந்தச் சொல் வேண்டும் எனக்கு" என்றார்.
உட்கார்ந்தார். காபி ஆறிப்போயிருந்தது.

மறுநாள் ஒட்ட வந்த ஒரே ஆளும் அவர்தான்.
நாற்பத்திரண்டு ஜெபப் புத்தகங்கள்,
விரற்கடை அகல வெள்ளைத் தாள்.
சுவர்த்தாள் ஒட்டிப் பிழைத்த விரல்கள்:
குமிழில்லை, ஒரு நூல் கோணலில்லை.
புதியதற்கு ஓட்டுப் போட்ட நான் ஒட்டியவை
எல்லாம் இடப்பக்கம் சரிந்தன.

"தோற்றவருக்கு எதற்கு இத்தனை கவனம்?"
"கோணலாய் இருந்தால்
வாராவாரம் கண் அங்கேயே போகும்."

நாற்பத்தொன்றோடு தாள் தீர்ந்தது.
தீர்ந்ததா, அவர் சட்டைப்பைக்குள் போனதா,
நான் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

இரண்டு வாரம் கழித்துத்
தோரா முன் நிற்க என்னை அழைத்தார்கள்.
விளக்கு நேர் மேலே.
தாளுக்கடியில் பழைய எழுத்து
தோலுக்கடியில் நரம்புபோல.
புதியதைத்தான் பார்த்தேன்.
நாக்கு அதன் பாட்டுக்குப் பழையதைச் சொல்லிவிட்டது.

யாரும் திருத்தவில்லை.
கடைசி வரிசையிலிருந்து ஓர் ஆமென்,
தேவைக்கு மேல் சத்தமாக.

கையில் போட்டதும் வாக்கு,
வாயில் வந்ததும் வாக்கு.
எதை எண்ணுவது நான்?

அவ்ரமை அழைத்த வாரம்
அவர் புதியதையே சொன்னார், முழுசாக,
இருட்டில் மாடிப்படி இறங்குகிறவர்
ஒவ்வொரு படியையும் காலால் தேடுவதுபோல.

ஒட்டாத அந்த ஒன்று இன்னும் அடுக்கில் இருக்கிறது.
கையில் வந்தவர்கள் சொல்வதில்லை.
போன சனி, ரபி நெக்காமா புத்தகத்தை மூடுமுன்
விரலை உள்ளேயே கொஞ்சம் வைத்திருந்தார்.
பிறகு பனிக்கோட்டைத் தேடினார்,
கையுறை ஒன்று காணோம் என்றார்.
எல்லோரும் நாற்காலிகளுக்கடியில் குனிந்தோம்.