அரிசி நீளம்

குன்னூர் பஜார், அனீஸ் பாய் கடையில்
ஒரே பிள்ளைக்கு இரண்டு ஜோடி வாங்குகிறேன்.
வலதுக்கு மூன்று, இடதுக்கு ஒன்று.
பில்லில் அவர் அடித்து எழுதும் தள்ளுபடி
பஸ் காசுக்குச் சரியாகப் போய்விடும்.

மிஞ்சிய இரண்டும் கட்டிலடியில் கிடக்கின்றன,
லேஸ் கோக்காமல்.
இடது பெரிது, வலது சிறிது.
இதற்கும் ஒரு பிள்ளை இருக்கும் என்கிறாள் நிரோஷினி.
ஊர் கட்டபெட்டு. ஆறாம் வகுப்பு. கணக்கு வராது.
பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லை.

கோயம்புத்தூரில் டாக்டரம்மா சொன்னது:
மூட்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிடுவோம், கோணல் போகும்.
பாதம் வளரும், ஆனால்.
நான் கேட்டது அந்த ஆனால் வரைக்கும்தான்.
அப்புறம் மின்விசிறிச் சத்தம்.

கவாத்து வெட்டிய செடி தழைக்காதா என்றேன்.
கொழுந்து எடுக்கிற கைக்கு
வேறு கணக்குத் தெரியாது.
திரும்பும்போது பர்லியார் தாண்டி,
வாந்தி எடுத்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு
"நான் செடி இல்லம்மா" என்றாள்.

கட்டுப் பிரித்ததிலிருந்து, மாதம் முடிந்தால்
காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் நிற்கவைத்து
பென்சிலால் சுற்றுகிறேன்.
வலதுக்குக் கூசும், விரலை மடக்கிச் சிரிப்பாள்.
இடதுக்கு மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வாள்.
ஆடி, ஆவணி, புரட்டாசி
மூன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் அடுக்கினால்
வலது, கோடு கோடாக விலகிப் போகிறது.
இடது, ஒரே கோடு தடித்த மாதிரி.

தையில் படம் எடுத்தார்கள்.
குதிகால் பக்கம் எலும்புகள் ஒட்டி
உறைபனி விழுந்த புல்லாய் ஒரே வெள்ளை.
விரலடிகளில் மட்டும் மயிரிழைக் கறுப்பு.
"இது இன்னும் திறந்திருக்கு.
மூடுறவரைக்கும் வளரும்."
எப்போது மூடும் என்று நான் கேட்கவில்லை.
அவள் கேட்டாள்.
இரண்டு வருடம். மூன்றும் ஆகலாம்.

இன்று சித்திரை மழை விட்டதும்
லயத்து வாசலில் வெறுங்காலோடு
கோழியைத் துரத்தியிருக்கிறாள்.
திட்டப் போனவள் குனிந்துவிட்டேன்.
முன்பு இடது தடம் வெளிவிளிம்பு மட்டும்,
நகம் வெட்டிப் போட்டது போல.
இப்போது குதிகால் முழுசாக,
அதில் தண்ணீர் தேங்கி.

ஆடித் தாளை எடுத்து வந்து
புதுத் தாளோடு வைத்தேன்.
இரண்டு கோட்டுக்கும் நடுவே
ஒரு அரிசி படுக்கிறது.
குறுக்கே இல்லை, நெடுக்கே.

அடுத்த முறை இடதுக்கு இரண்டு என்றேன்.
"வலதுக்கு நாலு" என்றவள்
கட்டிலடியைப் பார்த்தாள்.
"கட்டபெட்டுக்காரிக்கும் சொல்லணும்மா,
அவளும் வளர்ந்திருப்பா."