நாலாம் நாள் தண்ணீர்

ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு
நாலு நாளைக்கு ஒருமுறை வரும்.
வரும் என்பது பஞ்சாயத்துக் கணக்கு.
குழாய் முதலில் இருமும், பிறகு காற்றைத் துப்பும்,
அப்புறம்தான் தண்ணீர்.
துரு நிறத்தில் முதல் குடம். அது பாகற்கொடிக்கு.
தெருமுனை போர் பங்குனியிலேயே வற்றிவிட்டது,
அதுவும் பல்லைப் பழுப்பாக்கும் தண்ணீர்.

தலைப்பிரசவத்துக்குத் தொப்பூர் போகும்போது
பவுனு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனாள்.
கத்தரி எட்டு. செடிக்கு ஒரு சொம்பு, வேரில், இலையில் இல்லை.
கறிவேப்பிலைக்கு அரிசி கழுவியது.
கோழிக்கு மண்சட்டி. பிளாஸ்டிக் வேண்டாம், சுடும்.
மூன்று தடவை மாற்று.
கடைசி வரியில்: நீயும் குளி.

நான் பென்னாகரம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர்.
பதினாலு குடத்தை நாலு நாளுக்குப் பிரித்தால்
ஆளுக்கு, செடிக்கு, அலகுக்கு எவ்வளவு என்று
இண்டூர் ஸ்டாப் வருவதற்குள் சொல்லிவிடுவேன்.
ஆனால் சித்திரை வெயில் டிக்கெட் எடுப்பதில்லை.
ஏறுகிறது, இறங்குவதே இல்லை.

மத்தியானம் இரண்டரைக்கு வீடு வந்தால்
சட்டியில் வெந்நீர்.
கோழிகள் வாயைப் பிளந்து
இறக்கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து நிற்கின்றன,
கம்பியைப் பிடித்து நிற்கும் என் கூட்டம் மாதிரியே.

கோழிக்கும் கத்தரிக்கும் ஆகாது என்பது
நோட்டில் இல்லை.
எங்கே ஊற்றினேனோ அங்கே வந்து பறிக்கும்,
ஈரத்தில் குழி தோண்டி வயிற்றை வைத்துப் படுக்கும்.
கொசுவலை கட்டினேன், அடியில் புகுந்தது.
வேலமுள் போட்டேன், தாண்டியது.
பன்னிரண்டாம் நாள் தோற்றுப்போய்
முருங்கைக்குப் பக்கத்தில், ஒன்றுமே நடாத இடத்தில்,
அரைக் குடம் ஊற்றினேன்.
வந்து படுத்தன.

மாதம்மாள் சுவருக்கு மேல் தலை நீட்டி,
"வெறும் மண்ணுக்கா ஊத்தற?
எங்க வூட்ல குடிக்கவே கெடையாது."
என்னிடம் பதில் இல்லை.
அடுத்த தண்ணீருக்கு அவள் வாசலில் ஒரு குடம் வைத்தேன்.
எடுத்துக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை.
நானும் அரைக் குடத்தை நிறுத்தவில்லை.
நோட்டின் கடைசி வரியில்தான் குறைத்துக்கொண்டேன்.

செவலை மட்டும் அந்த ஈரத்துக்கு வரவில்லை.
தகரக் கூரைக்குக் கீழே, மணல் பரப்பிய கூடையில்
அடை உட்கார்ந்து பதினேழு நாள்.
"இந்த வெயிலுக்கு நீ எழுந்தாலும் முட்டை ஆறாது" என்றேன்.
கேட்கவில்லை.
கொட்டாங்குச்சியில் கொண்டுபோய் அலகுக்கு நேரே பிடிப்பேன்.
முதலில் கையைக் கொத்தும்.
பிறகு குனிந்து ஒரு வாய், தலையைத் தூக்கி மேலே ஒரு பார்வை.
குனிந்து ஒரு வாய், மேலே.
சாமிக்குக் கும்பிடு போடுகிறது என்பார்கள்.
எனக்கு என்னமோ
அதற்கு விழுங்க வேறு வழியில்லை என்றே படுகிறது.

ராத்திரி எட்டரைக்குப் பவுனு கூப்பிடுவாள்.
முதலில் கோழி, பிறகு கத்தரி, பிறகு பாகல்.
செவலையின் அடியில் பதினொன்று என்றால் திட்டுவாள்:
"எண்ணாத. பொரிக்கறது பொரிக்கட்டும்."
நாளெல்லாம் தலை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவனிடம்.

நேற்று, ஃபேன் காற்றே கொதிக்கிறது என்றாள்,
தூக்கமில்லை, கால் வீங்கியிருக்கிறது.
"தண்ணி குடிக்கிறியா?"
"நீ வந்து புடிச்சா குடிப்பேன்."
கொட்டாங்குச்சி விஷயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை.
சொல்ல வாயெடுத்தேன்.
அந்தப் பக்கம் சொம்பைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

விடிந்தால் நாலாம் நாள்.
குடங்களை வரிசையாக வைத்துவிட்டேன்,
மாதம்மாளுடையதோடு சேர்த்துப் பதினைந்து.
குடத்தை எண்ணினால் தப்பில்லை.