அரைப் பேர்

டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து
ஐஸ் பெட்டியில் ரயிலேறி
முப்பத்தொரு வயிறுகள் வந்தன பேராதனைக்கு.
ஒவ்வொன்றும் குருணையளவு சதை.
பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்.
பத்தொன்பது யாருடையது என்று
எனக்குத் தெரியும்.

யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைத்தால்
கிருமி இருப்பது ரோஸ் நிறமாகும்.
ஒரு நாள்வரை காத்திருக்கலாம் என்பது விதி.
பத்தொன்பது,
நான் கையுறை கழற்றுமுன் சிவந்துவிட்டது.

வளர்த்தேன்.
காற்றுக் குறைத்த ஜாடியில், ஐந்து நாள்.
நல்ல காற்று அதற்கு ஒத்துக்கொள்ளாது.
பிறகு உடைத்து, வெளிச்சுவரை உரித்து,
சுவரிலிருந்து துவாரத்தை மட்டும் பிரித்தேன்.
பிரிக்கலாம்.
லயத்தை இடித்துவிட்டு
ஜன்னலை மட்டும் கையில் கொண்டுவருவதுபோல.
ஒரு புரத இழை தன்னைத்தானே வளைத்துக்கொண்டு
பீப்பாயாக நிற்கிறது. நடுவில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் இத்தனை வேலை.

அளப்பது இரவில்.
பகலில் யாராவது படியிறங்கினாலே கோடு நடுங்கும்.
மேசைக்காலுக்கடியில் சைக்கிள் டியூப்.
இரண்டு கிண்ணம் உப்புத்தண்ணீர்,
இடையில் ஊசித்துளை,
துளையை மூடி ஒரு கொழுப்புச் சவ்வு.
மின்னோட்டக் கோடு தரையோடு கிடக்கிறது.
பன்னிரண்டே முக்கால்.
ஒன்றே கால்.
சட்டென்று ஒரு படி.

ஒரு வாசல் திறந்திருக்கிறது.

இன்னொரு படி. இன்னொன்று.
கோவிலுக்குச் செதுக்கிய படிகளல்ல;
கொட்டகலைக்கு மேலே எங்கள் பத்தாம் நம்பர் மலையில்
மழை அரித்த மண்படிகள். சிலது முழங்காலுயரம்,
சிலது பாதி.
பாதியில் நிற்பதற்கு
அனோமா மிஸ் ஆங்கிலத்தில் நீளமாய் ஒரு பெயர் சொன்னார்.
நான் கொப்பியில் எழுதுவது: அரைப் பேர்.
பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்த நாளில்
அம்மாவுக்கு விழுந்தது அதுதான்.

இந்த வாசலால் போவது யூரியா.
உடம்பு வேண்டாமென்று ஒதுக்கிய கழிவு.
மூட்டைமூட்டையாக மலைக்குப் போட்டதும் இதே யூரியாதான்.
உரம் வராத வருஷம்
கொழுந்து மஞ்சளாகி நின்றதைப் பார்த்தவள் நான்.
கிருமிக்கு மட்டும் அது தட்டுப்பட்டதே இல்லை.
உள்ளே எடுத்து, உடைத்து, அமோனியாவாக்கி,
தன்னைச் சுற்றிச் சிறு பனிமூட்டம் போட்டுக்கொண்டு
அமிலத்தில் குடியிருக்கிறது.
போக்கிடம் இல்லாதவர்கள்
இப்படித்தான் பிழைப்பார்கள் என்று
எழுதத் தோன்றியது. அடித்துவிட்டேன்.
என்னை எரிப்பதற்கு
நானே வக்காலத்து வாங்கக்கூடாது.

ஆமாம், பத்தொன்பது நான்தான்.
ஒப்பீட்டுக்கு நோயில்லாதவர்கள் சிலர் வேண்டும் என்றார்கள்.
கை தூக்கினேன்.
'நோயில்லை' என்ற கட்டத்தில் நானே சரி போட்டேன்.
வெறும் வயிற்றில் பிளேன்டீ குடித்தால் வரும் எரிவை
நோயென்று யார் சொன்னது எங்களுக்கு?
அது விடிகிறதற்கு அடையாளம்.
குழாயை விழுங்கும்போது நர்ஸ் பவித்ரா
"மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க" என்றாள்.
எந்த வயதில் வந்தது என்று படிவத்தில் ஒரு கேள்வி.
ஒரே அறையில் ஏழு பேர்,
ஒரே கோப்பை,
ஒரே பீலித் தண்ணீர்.
கேள்விக்கு நேரே கோடு கீறினேன்.

மாத்திரை மூன்று வகை. பதினான்கு நாள்.
நாக்கில் தகரம் சப்பிய ருசி.
இரண்டு மருந்துக்கும் வேறு வழியில்லை,
வெளிச்சுவரைத் தாண்டித்தான் போகவேண்டும்.
சில கிருமிகள் வாசலைச் சுருக்கிக்கொள்ளும்;
யூரியா நுழையும், மருந்து திணறும்.

பத்தொன்பதின் படிகளை
மற்றவற்றோடு வைத்து அளந்தேன்.
குட்டையாகத் தெரிகிறது.
உப்புத்தண்ணீரை மாற்றினேன். சவ்வைப் புதிதாகப் பூசினேன்.
மறுபடியும் அளந்தேன்.

சரசவி உயன தாண்டி
முதல் ரயில் கண்டிக்குப் போகிறது.
மேசை லேசாக நடுங்கி அடங்குகிறது.
எட்டாம் நாள் மாத்திரையை விழுங்கிவிட்டு
கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
படி.
படி.
அரைப் பேர்.