பத்துக்கு நாலு

பென் டிரைவில் வந்தது புதுப் பெயர்.
அக்கரைப்பற்றில் எங்கள் பிரிண்ட் கடைக்கு
அதைக் கொண்டுவந்தவரின் சேர்ட்டில் இன்னும்
பழைய பெயர்தான் தைத்திருந்தது:
கெல்வோர் மினரல்ஸ்.
பொக்கெட்டுக்கு மேலே, நெஞ்சுப் பக்கம்.

இனி ‘நெய்தல்’ என்றார்.
மினரல்ஸ் வேண்டாம், மணல் வேண்டாம்,
லிமிட்டெட் மட்டும் அடியில், எறும்பளவில்.
கறுப்புப் போடாதீங்க,
கறுப்பென்றால் சனத்துக்கு மண் ஞாபகம் வரும்.
நீலம். ஒரு பூ.

நெய்தல் பூவை நான் கண்டதில்லை.
நெட்டில் தேடி எடுத்து
குறுக்கே ஓடிய வாட்டர்மார்க்கை
ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து அழித்தேன்.
ஓ.எல்லில் கேட்டிருந்தார்கள், நெய்தலின் உரிப்பொருள் என்னவென்று.
இரங்கல். இரண்டு மார்க்.
அவரிடம் சொல்லவில்லை.
அட்வான்ஸை எண்ணி எடுத்தேன்.

இதே மெஷினில்தான் போன மாசி
தம்பட்டைக் கரைவலைக்காரருக்கு அடித்தது:
‘கெல்வோரே வெளியேறு’.
பத்துக்கு நாலு. பாதிக் காசு கடன்.
கறுப்பு மை தீர்ந்து
‘வெளியேறு’ நாவல்பழ நிறத்தில் வந்தது.
பரவாயில்ல, வாசிக்க ஏலும்தானே என்றார்கள்.

நேற்று தவலோஜினி அக்கா வந்தா,
அந்த பேனரைப் பாய்போலச் சுருட்டிக்கொண்டு.
கச்சேரியில பெட்டிசத்தத் திருப்பித் தந்திட்டாங்களாம்,
ஆயிரத்துச் சொச்சம் கையெழுத்தோட.
‘இந்தப் பேரில இஞ்ச ஒரு கம்பனியும் இல்லயாம், சில்மித் தம்பி.
லொறி அதே லொறி. குழி அதே குழி.
கிணத்துக்குள்ள உப்பு வந்தது வந்ததுதான்.
பேர மட்டும் மாத்த எவ்வளவு வரும்?’

பழைய ஃபைலைத் திறந்தேன்.
கெல்வோரை அழித்து நெய்தலை வைத்தேன்.

நெய்தலே வெளியேறு.

அக்கா ஸ்கிரீனுக்குக் கிட்ட வந்து
உதடசைத்து ஒருக்கா வாசித்தா.
வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து அடித்துப் போனது.
‘இது கடலப் போகச் சொன்னமாதிரிக் கிடக்கு.
எங்களயும் சேர்த்து.’

அழித்தேன்.
வேறென்ன எழுதுவதென்று எனக்கும் தெரியவில்லை.
அவ போனை எடுத்து
எதையோ தேடித் தேடிக் கடைசியில் நீட்டினா:
குழி. விளிம்பில் பாதி வேரோடு ஒரு தாழை.
அடியில் தேங்கிய தண்ணியில்
படமெடுத்தவவின் நிழல்.

‘இதப் போடு. எழுத்து வேணாம்.
எத்தின பேருக்குத்தான் மாத்தி மாத்தி எழுதுற?’

பத்துக்கு நாலு. முழுக்கக் கறுப்பு இழுக்கும் படம்.
புதுப் போத்தல் உடைத்தேன்,
நெய்தல் தந்த அட்வான்ஸில் வாங்கியது.