ஆறு மணி நேரம்

பாண்டி பஜாரில் நான்கு கடை, புரசைவாக்கத்தில் மூன்று.
முகத்தைக் கறுப்பாக்கும் கிரீம் இருக்கா என்று கேட்டால்
கவுண்டரில் நிற்பவர் முதலில் தன் காதைச் சந்தேகிக்கிறார்,
பிறகு என் புத்தியை.
"வெள்ளையாக்குறதுதான் மேடம் இருக்கு.
ஏழே நாள்ல ரிசல்ட்."
துப்பட்டாவை இறக்கிக் காட்டுகிறேன்.
உதட்டின் இடது ஓரத்திலிருந்து தாடை வரைக்கும்
ஏழு வருடத்தில் வந்த ரிசல்ட்.
அவர் பில் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பிக்கிறார்.

கல்யாணப் பேச்சு நடந்த நாட்களில்
கஸ்தூரி மஞ்சளோடு வருவாள் சித்தி.
ஒரு சுற்று நிறம் கூடட்டும் என்று
வேண்டாத கோயில் கிடையாது.
அந்த வேண்டுதலை யாரோ தாமதமாகப் பிரித்து
கதவு எண் பார்க்காமல் பட்டுவாடா செய்துவிட்டார்கள்.
மந்தைவெளி அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவள் நான்,
இந்தத் தவறு எனக்குப் பழக்கம்.

கடைசியில் வடபழனி. சினிமா மேக்கப் சாமான் விற்கும் சந்துக்கடை.
தேவசகாயம் நிமிராமலே கேட்டார்:
"கறுப்பா? எத்தனை சீன்?"
குடிசைப் பெண்ணாக நடிக்க வரும் சிவந்த நாயகிகளுக்காக
அவரிடம் டப்பா டப்பாவாக
என் நிறம் இருந்தது.

முகத்தைப் பார்த்தபின் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.
"அது சோப்பு பட்டா போயிடும்மா. உங்களுக்கு நிக்கணும், இல்ல?"
மேல்தட்டின் தூசியிலிருந்து இறங்கியது
வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பதிலாகப் பூசிக்கொள்வது.
வெயிலுக்குப் பதிலாக!
கத்திரி நடுவில், ஆற்காடு சாலையில்,
ஒரு குழாய் வெயிலை
ஆயிரத்து நானூறு கொடுத்து வாங்கினேன்.

ஆறு மணி நேரம் வேர்க்கக் கூடாது என்கிறது அட்டை.
அட்டைக்குச் சென்னை தெரியாது.
முதல் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது,
காலையில் தாடையில் பூசணிக்காய் நிறத்தில் ஒரு ஓடை,
தலையணை உறையில் அதன் கழிமுகம்.
இரண்டாம் முறை ஓரம் கோடாக நின்றது.
மூன்றாம் முறை சாதா கிரீமில் பாதிக்குப் பாதி கலந்து,
விளிம்பை மட்டும் காது குடையும் பஞ்சால் கரைத்து,
இரண்டு ஃபேனுக்கு நடுவே மல்லாந்து கிடந்தேன்,
நமத்துப்போன பிஸ்கட் வாசனையோடு.

எந்த நிறத்துக்குக் கொண்டுவருவது என்பதுதான் பெரிய சங்கடம்.
நெற்றி ஒன்று, ஹெல்மெட் வார் படும் இடம் ஒன்று,
கழுத்து வேறொன்று.
முப்பத்தாறு வயதில் முதல்முறையாக
என் நிறம் எது என்று கண்ணாடியில் தேடினேன்.
பள்ளிக்கூடத்தில் புளியங்கொட்டை என்பார்கள்.
சும்மா சொல்லக் கூடாது,
சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை, பதிவுத் தபால் கவுண்டரிலிருந்து வனமாலா:
"என்னடி கொஞ்சம் கறுத்துட்ட? வெயில்ல அலையாத."
என் டிபனில் இருந்த இரண்டு போண்டாவையும்
அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள், வாடகை கேட்க வந்தவர் மாதிரி
வெள்ளை எட்டிப் பார்க்கும்.
சனி ராத்திரி மறுபடி பஞ்சு, மறுபடி ஃபேன்.
நம்பலாம் என்றால் இவ்வளவுதான் நம்பலாம்.

எதிர்ப்புற டீக்கடையில் ஜெயவேலு
கிளாஸை என் பக்கம் நகர்த்தியபடி குரலைத் தாழ்த்தினார்.
"மேடம், உங்களுக்கு எப்படிப் போச்சு? எந்த டாக்டர்?"
அவருடைய பத்து விரல் நுனியும் வெளுத்திருந்தன.
கையில் வாங்கத் தயங்கி
மேடையிலேயே வைக்கச் சொல்கிறவர்களை
நானும் பார்த்திருக்கிறேன்.
போகவில்லை, பூசியிருக்கிறேன் என்றேன்.
மணியார்டர் ஃபாரத்தின் பின்னால்
கடை விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"தண்ணி படலாமா?"
ஆறு மணி நேரத்துக்குக் கூடாது.
அதற்கப்புறமும் கழுவக் கழுவ மங்கும்.

சிங்க்கில் நாற்பது கிளாஸ் கிடந்தது.
காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
குழாயைத் திறந்தார்.