ரப்பர்த் தூள்

கெமி துறைமுகத்தில் கடல் இறுகிப்போன வாரம்
ஒன்பதாம் வகுப்புக்குப் படிவம் வந்தது.
ஐந்து நாள் ஏதாவது ஓரிடத்தில்
வேலை பார்த்துவிட்டு வர வேண்டும்.
எங்கே என்பதற்கு ஒரே ஒரு கோடு.

வெய்க்கா எழுதினான்: குழந்தைகள் காப்பகம்.

முதலில் சிரித்தது நான்.
அது யாருக்கும் நினைவிருக்காது,
எனக்குப் பின் சிரித்தவர்கள் அதிகம்,
சத்தமும் அதிகம்.
லெம்பி மேசையைத் தட்டினாள்.
பின்வரிசையில் யாரோ தாலாட்டு முனகினார்கள்.
அவனும் சிரித்தான், காதுமடல் மட்டும் சிவந்து.
பிறகு ரப்பரை எடுத்தான்.
காகிதம் கிழியும்வரை தேய்த்தான்.
கிழிசலுக்குப் பக்கத்தில் எழுதினான்:
டயர் கடை.

சிரித்த வாய் மூடும் முன்பே
என் படிவத்தைக் கையால் மறைத்திருந்தேன்.
பனிக்கட்டி உடைக்கும் கப்பல், எஞ்சின் அறை.
பென்சிலில், மெல்லிசாக,
ஊதினால் போய்விடுகிற மாதிரி.
ஊதிப் பார்க்கவில்லை. தேய்த்தேன்.
முடி அலங்காரக் கடை என்று
பேனாவால் எழுதினேன்.

எங்கள் பேச்சில் அவனுக்கும் அவளுக்கும்
ஒரே சொல்தான்: ஹேன்.
அதற்குள் யாரும் வந்து உட்காரலாம்,
வாசலில் ஒன்றும் கேட்பதில்லை.
ஆனாலும்
கப்பலில் ஹேன் எஞ்சின் பார்க்கிறார் என்றால்
எல்லார் கண்ணிலும் ஒரு தாடி முளைக்கிறது.
என் கண்ணிலும்தான்.

திங்கள் முடி கூட்டினேன். செவ்வாய் முடி கூட்டினேன்.
புதன்கிழமை ஒரு ஹேர் டிரையர் நின்றுபோனது.
நகம் தேய்க்கும் அரத்தின் முனையால் திருகைக் கழற்றி
விசிறியில் சுற்றியிருந்த யாருடையதோ பொன்னிற முடியை
இழுத்துப் போட்டேன்.
உறுமிக்கொண்டு எழுந்தது.
கடைக்கார ஹில்ப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.
"வீட்டில் அண்ணன் இருக்கிறானா?
இதெல்லாம் சொல்லிக்கொடுக்க?"
இல்லை என்றேன்.
"அப்ப, அப்பாவாக இருக்கும்"
என்று தானே முடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கே இருட்டிவிட்ட பேருந்தில்
பக்கத்து இருக்கையில் வெய்க்கா.
நகக்கண்ணில் கருப்பு.
கையில் ரப்பர் வாசனை, இது வேறு ரப்பர்.
வெகுநேரம் சன்னலைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னான்:
டயர் மாற்றக் காத்திருந்த அம்மாவின் மடியில்
ஒரு பொடியன், மூன்று வயதிருக்கும், ஒரே அழுகை.
நட்டுகளைக் கொடுத்து எண்ணச் சொன்னானாம்.
ஒன்று, இரண்டு, எட்டு.
மறுபடி எண்ணச் சொன்னால்
ஒன்று, இரண்டு, எட்டு.

சொல்லும்போது அவனுக்கு
கிழிவதற்கு முந்தின முகம்.

யாரிடமும் சொல்லாதே என்றான்.
சொல்லவில்லை.
முதலில் சிரித்தது யார் என்பதையும் சொல்லவில்லை.
ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி
பனியில் நடந்தேன்.

இப்போது மார்ச்.
மேல்படிப்பு விண்ணப்பம் திரையில் திறந்து கிடக்கிறது,
ஏழு கட்டங்கள்.
இங்கே தேய்த்தால் தூள் உதிர்வதில்லை.
எதை எத்தனை முறை அழித்தேன் என்று
கணினிக்கே தெரியாது.
கப்பல் எஞ்சின் படிப்பை ஏழாவதில் போட்டேன்.
நேற்று ராத்திரி நாலாவதுக்கு ஏற்றினேன்.
காலையில் அம்மா கதவைத் திறந்த சத்தத்தில்
அது ஐந்துக்கு இறங்கியது.

செவ்வாய் மூன்று மணிவரை நேரமிருக்கிறது.
வெய்க்கா என்ன போட்டிருப்பான்?
கேட்கலாம்.
கேட்டால் அவனும் கேட்பான்.